முதலில் ஏரியா, அப்புறம்தான் அறை

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் ஒரு கேள்வி கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள், "உடனே சொல்ல வேணாம்ப்பா, யோசிச்சி சொல்லுங்க" என்று பேச்சை மாற்றி, அங்கே மழையா, அம்மா முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாளா என்று எங்கெங்கோ போய்விட்டாய். நீ வேலை செய்கிற கம்பெனியில் உன்னை பர்மனென்ட் ஆக்குகிறார்கள். இந்த மாதம் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் டோக்கியோவிலேயே இருக்கப் போகிறாய். போடாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாம். "நீங்க ரிட்டையர் ஆகி குவார்ட்டர்ஸ காலி பண்ற நேரத்துல நான் பக்கத்துல இல்லன்னா மனசுக்கு ஒரு மாதிரி இருக்குப்பா. வான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, வந்துடறேன்" என்றாய். அதற்கான பதில்தான் இது. ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஃபோனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் சொல்வதற்கெல்லாம் பொழிப்புரை சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

பர்மனென்ட் என்ற சொல்லுக்கு நம் வீட்டில் என்ன மரியாதை என்று உனக்குத் தெரியும். என் அப்பா காலம் வரைக்கும் நம் குடும்பத்தில் ஒருவருக்கும் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நடவு, களை, அறுப்பு என்றே ஓடிவிட்டது. நான் நெய்வேலி சுரங்கத்துக்கு வந்ததே கான்ட்ராக்ட் ஆளாகத்தான். காலையில் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து ரோட்டோரம் போய் நின்றால் லாரி வரும். மேஸ்திரி கையை நீட்டிக் காட்டுகிற ஆள் ஏறிக்கொள்ளலாம். மற்றவர்கள் சோற்றுத் தூக்கை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போகலாம். உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது, உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்கு முன்பே, "மாப்ள பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" என்று உன் தாத்தா கேட்டார். "ஆயிடுவாருங்க" என்று என் மாமா கூசாமல் சொன்னார். அது ஆவதற்குள் நீ பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டாய். அப்படிப்பட்ட வார்த்தையை நீ சாதாரணமாக, "பர்மனென்ட் ஆக்கறாங்கப்பா" என்று சொன்னபோது எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். உன் அம்மாவுக்கும் இறங்கவில்லை. அவளுக்கு வேறு காரணம். "இங்க இல்லாத பர்மனென்ட்டா அங்க வச்சிக்கினு இருக்காங்க?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். அடுப்பு என்ன பதில் சொல்லும்?

நீ என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால், போன வருஷம் நாங்கள் உன்னைப் பார்க்க வந்தபோது நீ எங்களுக்குத் தங்க இடம் தேடினாயே, அதைப் பற்றிப் பேச வேண்டும். சிரிக்காதே. ஊரில் மற்றவர்கள் தங்கள் பிள்ளை வாங்கிய ரேங்க், கார், மனை என்று பேசும்போது நான் உன் லாட்ஜ் கதையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். சுரங்கத்தில் எங்கள் கன்வேயர் செக்‌ஷனில் எல்லோருக்கும் அது மனப்பாடம். உன் முழு சாமர்த்தியத்தையும் நான் முதன்முதலில் பார்த்தது அதில்தான்.

நம்மைப் போல டவுன்ஷிப்பில் குடியிருப்பவர்களுக்கு வீடு பார்க்கத் தெரியாது, பாப்பா. நாம் பார்த்ததே கிடையாது. சீனியாரிட்டி வந்தால் குவார்ட்டர்ஸ் வரும். வந்த பிளாக்குக்குப் போவோம். எல்லா பிளாக்கும் ஒரே அச்சு. அதே நேர் ரோடு, அதே மரங்கள், அதே மஞ்சள் சுவர், ஒரு பூங்கா, ஒரு பள்ளிக்கூடம், நாலு கடை. அதனால் தெருவை யார் பார்ப்பார்கள்? உள்ளே நுழைந்து குழாயைத் திறந்து பார்ப்போம், ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்போம், என்ன டைப், எத்தனை ரூம் என்று கேட்போம். முடிந்தது. நீ ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது நமக்குப் பெரிய டைப் வீடு கிடைத்து வேறு பிளாக்குக்கு மாறினோம், நினைவிருக்கிறதா? எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ மட்டும் புது வீட்டு வாசலில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "வூடு பெருசாச்சி, தெரு போச்சி" என்றாய். பழைய தெருவில் உனக்குக் கூட்டாளிகள் இருந்தார்கள், ஐஸ் வண்டிக்காரர் உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். எல்லா தெருவும் ஒன்றுதானே என்று நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். ஒன்றில்லை என்று எனக்குப் புரிவதற்குக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது.

நாங்கள் வருவதென்று முடிவானதும் நீ என்ன செய்தாய்? நீ இருப்பது கம்பெனி விடுதி, அங்கே விருந்தாளி தங்கக் கூடாது. உன் சம்பளத்தில் பெரிய ஓட்டலும் கட்டுப்படியாகாது. வேறு யாராக இருந்தாலும் ஃபோனில் நாலு படத்தைப் பார்த்து, மலிவாக இருப்பதைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நீ ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு ஏரியாவுக்குப் போய் நடந்தாய். நடந்துகொண்டே வீடியோவில் எங்களுக்கும் காட்டினாய். நிஷி கசாய் என்ற இடத்தில் ஒரு அம்மா சுடிதார் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கறிவேப்பிலை வாங்கிப் போனதைப் பார்த்ததும் உன் அம்மா, "அங்கியே எடுத்துடுடி, எனக்கு அது போதும்" என்று குதித்தாள். "நம்ம ஊருக்காரங்க நிறைய இருக்காங்கம்மா. அங்க தங்கினா நெய்வேலியிலயே தங்கின மாதிரி. அதுக்கு எதுக்கு விமானம் ஏறணும்?" என்றாய். எனக்குப் பிடித்தது ஷின்ஜுகு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற மாதிரி கட்டிடங்கள். எங்கள் செக்‌ஷனில் ஒருவர் சிங்கப்பூர் போய் வந்து, பெரிய ஓட்டல் ஜன்னலில் நின்றபடி எடுத்த படத்தை எல்லோரிடமும் காட்டியிருந்தார். அதே மாதிரி ஒரு ஜன்னல் எனக்கும் வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை. "அந்த ஸ்டேஷன்ல இருந்து வெளிய வர்றதுக்கே உங்களுக்கு ஒரு ஷிஃப்ட் ஆகும்ப்பா. அம்மா முட்டிய வச்சிக்கினு எப்படி?" என்று கேட்டு வாயை அடைத்தாய். உவேனோவில் கடைத்தெரு நன்றாக இருந்தது, ஆனால் உட்கார ஒரு இடம் இல்லை என்றாய். அசகுசாவில் கோயில் கூட்டம், அங்கே சாமான் விற்கிறவர்களைத் தவிர குடியிருக்கிறவர்கள் கண்ணில் படவில்லை என்றாய்.

நீ எதையெல்லாம் பார்க்கிறாய் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறதா, தெரு மேடு பள்ளம் இல்லாமல் இருக்கிறதா, சாயந்திரம் காய்கறி வாங்க வருகிறவர்கள் நின்று பேசுகிறார்களா, அவசரமாக ஓடுகிறார்களா, காலையில் வயசானவர்கள் வெளியே வருகிறார்களா, அவர்கள் உட்கார பெஞ்ச் இருக்கிறதா. ரூம் எப்படி என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "முதல்ல ஏரியாப்பா. அப்புறம்தான் ரூம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். கடைசியில் மினாமி சென்ஜு என்ற இடத்தில் ஒரு சின்ன விடுதியைப் பிடித்தாய்.

நாங்கள் வந்து இறங்கி அந்த அறைக்கதவைத் திறந்தபோது உன் அம்மா சொன்னதை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. பாய் விரித்த தரை, மூன்று பேர் படுத்தால் நாலாவது ஆள் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். மடித்து வைத்த மெத்தை, ஒரு சின்ன ஜன்னல், குளியலறை பொதுவாக வராந்தாக் கோடியில். "இன்னாடி இது? மொத மொதல்ல வடக்குத்துல லைன் வூட்ல குடியிருந்தோமே, அதுவே இத விடப் பெருசாச்சேடி. அவ்ளோ தூரம் ஏரோப்ளேன்ல கூட்டிக்கினு வந்து மறுபடியும் லைன் வூட்டுலயா வுடுவ?" என்றாள். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கட்டிடம் கோபுரம் ஒன்றும் இல்லை. எதிர் வீட்டு மாடியில் துணி காய்ந்தது. கீழே பழைய தொப்பி போட்ட கிழவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இதை எப்படி ஃபோட்டோ எடுத்து செக்‌ஷனில் காட்டுவது என்று ஒரே மனக்குறை. நீ ஆபீஸுக்குப் போய்விட்டு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மாவுக்கு அன்றைக்குப் புரிந்திருக்கும்.

முதல் நாள் சாயந்திரம் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தெருமுனையில் ஒரு நாற்சந்தியைக் காட்டினாய். "இந்த முக்குக்குப் பேரு கண்ணீர்ப் பாலம்ப்பா. இப்ப பாலமும் கெடையாது, ஓடையும் கெடையாது. பேரு மட்டும் நின்னுடுச்சி" என்றாய். "யாரு அழுதாங்களாம்?" என்று அம்மா கேட்டாள். அந்தக் காலத்தில் தூரமாகப் போகிறவர்களை வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் அங்கே நின்று அழுதார்கள் என்று பாதியைச் சொன்னாய். அவர்கள் எங்கே போனார்கள் என்ற மீதியை எனக்கு மட்டும் தனியாகச் சொன்னாய். தூக்குமேடைக்கு. அம்மா ராத்திரி தூங்க வேண்டுமே என்று மறைத்தாய். அப்படி ஒரு பேர் வைப்பதானால், நீ ஒவ்வொரு முறை விடுமுறை முடிந்து கிளம்பும்போதும் உன் அம்மா போடுகிற சத்தத்துக்கு நம் ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப்புக்குத்தான் முதலில் வைக்க வேண்டும்.

முதல் ஷிஃப்டுக்கு எழுந்து பழகிய உடம்பு எந்த ஊருக்குப் போனாலும் அதே நேரத்துக்கு விழித்துக்கொள்கிறது. உன் அம்மா போர்வைக்குள் இருப்பாள். நான் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு கீழே வருவேன். காசு போட்டால் சுடச்சுட டீ டின் விழுகிற மெஷின் ஒன்று வாசலிலேயே இருந்தது. பக்கத்தில் ஒரு பெஞ்ச். அதில் தினமும் ஒரு பெரியவர். பேர் தெரியாது, பாஷை தெரியாது. முதல் நாள் நான் எந்தப் பட்டனை அமுக்குவது என்று விழித்தபோது எழுந்து வந்து அமுக்கிக் கொடுத்தார். மறுநாள் நகர்ந்து இடம் விட்டார். அதற்கப்புறம் என் இடத்தில் வேறு யாரும் உட்காராமல் தன் தொப்பியை வைத்துக் காத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஓடுகிற ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிகிற உயர்ந்த கட்டிடங்களைக் காட்டி, சுத்தியால் அடிப்பதுபோலக் கையை ஆட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். நான் என் தலையைத் தட்டி ஹெல்மெட் என்பேன், தரையைக் காட்டித் தோண்டுகிற மாதிரி செய்வேன். அவர் தலையை ஆட்டுவார். இவ்வளவுதான் பேச்சு. இதற்காகவே நான் சீக்கிரம் எழுந்திருக்க ஆரம்பித்தேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது. நீ இதைக் கேட்டு ஏற்கெனவே அலுத்திருப்பாய், ஆனால் என் பக்கத்தை நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. அன்றைக்குப் பெரியவர் இன்னும் வரவில்லை. சரி, ஆற்றுவரைக்கும் ஒரு நடை போய் வரலாம் என்று கிளம்பினேன். ஃபோன் ரூமில் சார்ஜில் இருந்தது. விடுதி விலாசம் அச்சடித்த அட்டையை எப்போதும் பையில் வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தாய். எனக்கு அந்த அட்டையைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஏனென்றால் டோக்கியோவில் தெருவுக்குப் பேரே கிடையாது, பிளாக் நம்பர்தான் என்று நீ சொன்னதும், அந்த ஊரிலேயே வந்த அன்றைக்கே விலாசம் புரிந்த ஒரே வெளிநாட்டுக்காரன் நான்தான் என்று எனக்கு ஒரு கர்வம். இரண்டாம் பிளாக், ஐந்து. இதற்கு எதற்கு அட்டை என்று ரூமிலேயே வைத்துவிட்டேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து பிளாக் நம்பர் சொல்லி வளர்ந்த உனக்கே அட்டை தேவைப்படாதபோது, குவார்ட்டர்ஸிலேயே கிழவனான எனக்கு எதற்கு?

ஆறு அழகாக இருந்தது. கரையோரமாகவே நடந்தேன், ஒரு பாலம் ஏறினேன், கோயில் ஒன்று வந்தது, அதைச் சுற்றினேன். திரும்பியபோது எல்லாத் தெருவும் ஒன்றுபோல இருந்தது. பயமில்லை. எதிரில் வந்த ஒருவரிடம் கம்பீரமாக, "பிளாக் டூ, ஃபைவ்" என்றேன். அவர் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். இன்னொரு அம்மா கையைப் பிடிக்காத குறையாக முச்சந்தியில் இருந்த சின்ன போலீஸ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டார். உள்ளே ஒரு இளம் போலீஸ்காரர். அவரிடமும் அதையே சொன்னேன். ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். இங்கே ஒரு இரண்டு, அங்கே ஒரு இரண்டு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு இரண்டு என்று விரலால் தொட்டுக்கொண்டே போய், எந்த இரண்டு என்பதுபோலக் கையை விரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்மூரில் இருபதாவது பிளாக் என்றால் ஒன்றே ஒன்றுதான். ஆட்டோக்காரர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டார். டோக்கியோவில் ஒவ்வொரு ஏரியாவுக்கும் அதனதன் இரண்டாம் பிளாக். வடலூருக்கு ஒரு இரண்டு, வடக்குத்துக்கு ஒரு இரண்டு, திருவதிகைக்கு ஒரு இரண்டு என்று இருந்தால் எப்படியோ அப்படி. நான் நம்பரை மட்டும் பிடித்துக்கொண்டு ஊர்ப் பேரை விட்டுவிட்டேன். ஸ்டேஷன் பேரை யோசித்துப் பார்த்தேன். மினாமி என்று தொடங்கும் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. சொன்னேன். மினாமி என்றால் தெற்காம். தெற்கு என்று தொடங்குகிற ஸ்டேஷன்கள் ஊர் முழுக்க இருக்கின்றனவாம். போலீஸ்காரர் பாவம், சிரிக்காமல் இருக்க ரொம்பவும் பாடுபட்டார்.

என்னிடம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்தார். என்ன வரைவது? ரூமை வரைந்து பிரயோஜனமில்லை, அந்த மாதிரி ரூம் ஊரெல்லாம் இருக்கும். தெருவைத்தான் வரைய வேண்டும். சைக்கிளில் தொப்பி போட்ட கிழவரை வரைந்தேன். பெஞ்ச் வரைந்தேன். எங்கள் தெருவில் காசு கொடுத்துக் குளிக்கிற பொதுக் குளியல் கடையின் புகைபோக்கியை வரைந்தேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். அப்புறம் திடீரென்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு கண்ணை வரைந்து, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, கீழே ஒரு பாலம் போட்டேன். பாலத்தின் மேல் ஒரு பெருக்கல் குறியும் போட்டேன், இப்போது இல்லை என்பதற்காக. அந்தப் பையன் முகம் பளிச்சென்று மலர்ந்துவிட்டது. "நமிதாபாஷி!" என்று கண்ணீர்ப் பாலத்தின் பேரை அவர் பாஷையில் சொல்லி மேசையைத் தட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு கதையை நீ சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னமும் டோக்கியோவில் ஏதாவது ஒரு இரண்டாம் பிளாக்கில் சுற்றிக்கொண்டிருப்பேன்.

போலீஸ் காரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். இறங்குவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். நாற்சந்தியில் பெஞ்சுப் பெரியவர் சைக்கிளோடு நிற்கிறார். எதிர்ப் பக்கம் இன்னொரு கிழவர், அவரிடமும் சைக்கிள். பெஞ்சில் என் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பெஞ்சுப் பெரியவர் கொஞ்ச நேரம் காத்திருந்து, விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் போய் உன் அம்மாவை எழுப்பியிருக்கிறார். அவள் உனக்கு ஃபோன் செய்ய, நீ ரயிலேறி ஓடி வர, அதற்குள் கிழவர்கள் ஆளுக்கொரு தெருவாகத் தேடப் போயிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் பெரியவர் தன் தொப்பியைக் கழற்றி என் தோளில் ஒரு அடி அடித்தார். பேச்சை உன் அம்மாதான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள். "போலீஸ் வண்டியில வந்து எறங்கறாரு பாரு. இதுக்குத்தான் பாஸ்போர்ட் எடுத்தீங்களா? நான் இந்த ஊர்ல யார்கிட்ட போயி இன்னான்னு கேப்பேன்?" அதைச் சொல்லிவிட்டு அந்த நாற்சந்தியிலேயே நின்று அழுதாள். பாலம் இல்லாவிட்டால் என்ன, பேருக்குக் குறை வைக்கவில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் நீ பெஞ்சில் பெரியவருக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாய். அவர் வடக்கே ஏதோ குளிர்ப் பிரதேசத்திலிருந்து வாலிபத்தில் வந்தவராம். விடிவதற்குள் தெருவில் போய் நிற்பார்களாம். வண்டி வருமாம். ஆள் எடுக்கிறவர் கை காட்டினால் ஏறிக்கொள்வார்களாம். ரோடு, சுரங்க ரயில், மாடிக் கட்டிடம் எல்லாம் அப்படி ஏறிப் போனவர்கள் போட்டதாம். அன்றன்றைய கூலிக்கு அன்றன்றைய அறை. நாங்கள் தங்கியிருந்த விடுதியே அந்த மாதிரி ஆட்களுக்காக இருந்ததுதானாம். வேலை குறைந்து, ஆட்கள் கிழவர்களாகி, அறைகள் காலியானதும் எங்களைப் போல வருகிறவர்களுக்கு விட ஆரம்பித்திருக்கிறார்கள். அவர் கடைசிவரை பர்மனென்ட் ஆகவில்லை. உன்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்ப்பா. அதனாலதான் உங்கள இங்க கூட்டிக்கினு வந்தேன். ஷின்ஜுகு கட்டடத்த யாரு வேணா வந்து பாப்பாங்க. கட்டனவங்கள நீங்கதான் பாக்கணும்னு தோணுச்சி. நீங்களும் அப்படி ரோட்ல நின்னவருதான" என்றாய்.

நான் அழுதது உனக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியாது. இப்போது சொல்கிறேன். பெற்றவனை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற ஒரு பிள்ளை எனக்கு இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மலிவாக ஒரு அறை தேடப் போன இடத்தில், அம்மாவின் முட்டிக்கு ஏற்ற தெருவையும், என் விடியற்காலைக்கு ஏற்ற பெஞ்சையும், அந்த பெஞ்சில் எனக்கு ஏற்ற ஆளையும் சேர்த்துத் தேடியிருக்கிறாய். நான் கேட்டதோ ஒரு ஜன்னல். செக்‌ஷனில் நான் காட்டுகிற படத்தில் இப்போது ஜன்னல் கிடையாது. பெரியவரும் நானும் டீ டின்னோடு உட்கார்ந்திருக்கிற படம்தான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. வடலூரைத் தாண்டி ஹைவேயில் புது மனைப்பிரிவு ஒன்றில் நான் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன், உனக்கும் படம் அனுப்பினேன். போர்டிகோ, பளபளவென்று டைல்ஸ், அடுப்படி முழுக்கக் கதவு போட்ட அலமாரி. ரிட்டையர் ஆனவன் என்றால் அப்படி ஒரு வீட்டில் இருந்தால்தான் மரியாதை என்று நினைத்தேன். நீ படத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாய். கூடவே, "சாயந்திரமா ஒருக்கா போயி பாருங்கப்பா" என்று மட்டும் சொன்னாய். நீ சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று போன வாரம் அம்மாவை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு சாயந்திரம் போனேன். முகப்பில் பெரிய அலங்கார வளைவு, உள்ளே நேர் நேராக ரோடு, ரோட்டில் ஒரு ஆள் இல்லை. ரொம்ப நேரம் நின்றோம். கடைக்குப் போகவும் வரவும் கூட யாரும் நடக்கவில்லை, கடையே இல்லை. அம்மா போர்டிகோ தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க நீங்க தொலைஞ்சி போனா யாருங்க தேடுவாங்க?" என்று கேட்டாள். நான் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

திருப்பினவன் நேராக வீட்டுக்கு வரவில்லை. வடக்குத்தில் நிறுத்தினேன். ஷிஃப்ட் முடிந்து கான்ட்ராக்ட் ஆட்கள் ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வருகிற நேரம். மெயின் ரோட்டை ஒட்டிய சந்து முனையில் ஒரு அம்மா பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. சந்துக்குள் ஒரு சின்ன வீடு விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சின்னதென்றால் சின்னதுதான், இரண்டு அறை, ஒரு அடுப்படி, மேலே தளம். நான் குழாயைத் திறந்து பார்க்கவில்லை, பாப்பா. சத்தியமாக. தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றையும் பார்த்தேன். மேடு பள்ளம் இல்லை. பஸ் ஸ்டாப் கூப்பிடு தூரம். எதிர்ப் பக்கம் வேப்ப மரத்தடியில் சிமென்ட் பெஞ்ச், அதில் என் வயசு ஆட்கள் மூன்று பேர். ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். போய் உட்கார்ந்தேன். லாரிக்காக நான் நின்ற இடம் அங்கிருந்து தெரிகிறது.

உன் விஷயத்தில் என் மனசில் முடிவு ஆகிவிட்டிருந்தது. உன் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் கவலை. பெஞ்சில் உட்கார்ந்தபடி வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளை பக்கத்தில் இருந்தால் எனக்கும் நல்லதுதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன்னை வா என்று கூப்பிட என் வாய்க்கு ஒரு நொடி போதும். ஆனால் ரோட்டில் நின்ற ஒருவன் மகளை, யாரும் கை காட்டாமலே ஒரு ஊர் கூப்பிட்டு இரு என்கிறது. எந்த ஊரில் எந்தத் தெரு நல்ல தெரு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவள் நீ. எங்கே இருக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்வதா? இதையெல்லாம் உன் அம்மாவிடம் எந்த வரிசையில் சொன்னால் அழாமல் கேட்பாள் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் பஜ்ஜிக் கடைப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது.

பஜ்ஜிக்காரம்மா கேட்டிருக்கிறார், "இந்த வூடு பாக்க வந்துகிறீங்களாக்கா? புள்ளைங்க இன்னா பண்ணுதுங்க?"

உன் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தச் சந்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "ஒரே பொண்ணுதாங்க. ஜப்பான்ல கீறா. அங்கியே பர்மனென்ட் ஆயிட்டா."

ஆயிட்டா என்றாள், பாப்பா. ஆவாள் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் என் மாமா உன் தாத்தாவிடம் சொன்னதைவிடக் கூசாமல் சொன்னாள். பஜ்ஜிக்காரம்மா கரண்டியைப் பிடித்தபடியே, "ஜப்பான்லயா!" என்று வாயைப் பிளந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, "அவ இன்னும் கையெழுத்தே போடலியே, ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "போடச் சொல்லுங்க. இல்லன்னா குடி போற தெருவுல மொத நாளே நான் பொய் சொன்னவளாயிடுவேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நானும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

ஆகவே கையெழுத்துப் போடு. உன் அம்மாவின் மானம் உன் பேனாவில் இருக்கிறது. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. நான் தொலைந்தால் தேட இங்கே ஆள் இருக்கிறது. நம் பெஞ்சுப் பெரியவரைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல். அவர் தொப்பி வைத்துப் பிடித்துவைத்த என் இடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போய் உட்கார்.

அந்தச் சந்து வீட்டையே எடுப்பதென்று முடிவு செய்துவிட்டோம், விலாசம் கேட்பாய். நம்பர் இன்னும் வரவில்லை, வந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்த விடுமுறைக்கு வரும்போது பண்ருட்டியிலிருந்து வடலூர் பஸ்ஸில் ஏறி, வடக்குத்து என்று டிக்கெட் வாங்கு. இறங்கினதும் சந்து முனையில் பஜ்ஜி போடுகிற அம்மாவிடம், ஜப்பான் பொண்ணு வீடு எது என்று கேள். காட்டுவார்கள்.

அப்பா